ஒண்டியிருப்போர்

மரியே வாழ்க

தெற்குத் தெரு, அரசநல்லூர்
22-6-2003

அன்புள்ள தம்பி ஜெனித்துக்கு,

அக்கா விண்ணரசி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். நீயும் ஜாய்ஸும் சுகமாயிருக்க அந்தோணியாரிடம் மெழுகுதிரி கொளுத்தினேன். பதின்மூன்றாம் தேதி அவர் திருவிழா முடிந்தது. தேர் இழுக்க ஆள் போதவில்லை. மேட்டூர் இந்த வருஷமும் நாளுக்குத் திறக்காததால் குறுவை இல்லை. வயசுப் பிள்ளைகளில் பாதிப் பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். உன் அத்தான் மஸ்கட் போனதிலிருந்து அவருடைய அண்ணன், என் மூத்தார் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு காரியமாக எழுதுகிறேன். ஆற்றில் தண்ணீர் இல்லாததுதான் சமயம் என்று குடமுருட்டிக் கரையைப் பலப்படுத்துகிறார்கள். கரையில் இருந்த பதினோரு குடிசைகளையும் ஒரே காலையில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அரசப்பனின் பழைய ரைஸ்மில் உனக்குத் தெரியும். மூடி ஆறு வருஷமாகிறது. குடிசைக்காரர்கள் நாற்பத்தொரு பேரும் இப்போது அந்த மில் களத்தில், நெல் அவிக்கிற கொட்டகைக்குக் கீழே ஒண்டிக்கிடக்கிறார்கள். எல்லோரும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். இவர்கள் கை படாத வயல் இந்த ஊரில் கிடையாது. இடத்தை விற்கிறவரை இருந்துகொள்ளட்டும் என்று அரசப்பன் வாயால் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழைக்கு அந்தக் கொட்டகை தாங்காது.

உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து பேரூராட்சிக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. வீடற்றோர் தங்குமிடத்துக்குப் பணம் ஒதுக்க, ஊரில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வேண்டுமாம். தொகுப்பூதியத்தில் இருக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் செயல் அலுவலர் அதை என் தலையில் கட்டினார். படிவத்தைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். முதல் கேள்வியே 'நீங்கள் வீடற்றவரா?' என்பதுதான். நடவு ஆட்களுக்குத் தலைவி மாதிரி அகிலாண்டம் என்று ஒருத்தி இருக்கிறாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"யாரப் பாத்து வீடத்தவன்னு கேக்குற? எங்களுக்கு ஊரு இல்லியா, சாமி இல்லியா, சுடுகாடு இல்லியா? நாதியத்ததுங்க டவுன் பஸ் ஸ்டாண்டுல கெடக்கும், அங்க போயிக் கேளு."

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார்கள். அதில் கதவு எண் இருக்கிறது, கதவுதான் இல்லை. நாற்பத்தொரு பேரையும் கேட்டு முடித்தபோது என் படிவத்தில் வந்த எண்ணிக்கை பூஜ்யம்.

இந்தக் கணக்கெல்லாம் வந்து சேருகிற பிரிவில்தான் நீ வேலை பார்க்கிறாய். எப்படி நிரப்புவது என்று எழுது. சின்ன ஊருக்கும் பணம் உண்டா, இல்லை எல்லாம் மெட்ராஸுக்கும் மதுரைக்கும்தானா என்பதையும் எழுது.

உன் அக்கா,
விண்ணரசி


தலைமை அலுவலகம், சென்னை
3-7-2003

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான், ஜாய்ஸ், அவள் அண்ணன் ஆன்டோ குடும்பம் எல்லோரும் நலம். இங்கே குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிறது. குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு ஆபீஸுக்கு ஓடிவருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது.

நீ கேட்டது சரியான கேள்வி. இதுவரை சின்ன ஊர்களுக்கு ஒன்றும் கிடையாது. வீடில்லாதவன் பிளாட்பாரத்தில்தான் படுப்பான், பிளாட்பாரம் நகரத்தில்தான் இருக்கும், ஆகையால் பணமும் நகரத்துக்குத்தான். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களின் அறிவு அவ்வளவுதான். நம் பக்கத்து ஆள் ஒருவன் ரயிலேறி வந்து சென்னையில் பாலத்தடியில் படுத்தால் கணக்கில் ஏறுகிறான். அவனே தன் ஊரில் படுத்தால் ஏறுவதில்லை. அவன் வயிறெரிந்து ஊரை விட்டு வந்ததற்குக் கிடைக்கிற பணமும் அவன் ஊருக்குப் போகாது, வந்த ஊருக்குத்தான் போகும்.

இந்த வருஷம் ஒரு புது விதி இருக்கிறது. முப்பது பேருக்கு மேல் காட்டினால் எந்தப் பேரூராட்சிக்கும் ஒரு கூடம் கட்டப் பணம் தரலாம். இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். வீடற்றவரா என்று கேட்காதே. மழை பெய்தால் எங்கே போவீர்கள் என்று கேள். சொல்கிற பதிலை அப்படியே எழுதிக் கைநாட்டு வாங்கு. அதை இங்கே யாரும் மறுக்க முடியாது.

உன் கடிதத்தை எங்கள் அதிகாரியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "உங்க அக்கா ஃபைல் எழுத வேண்டியவங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

தம்பி,
ஜெனித்


மரியே வாழ்க

தெற்குத் தெரு, அரசநல்லூர்
27-7-2003

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், உன் சுகத்துக்கு எழுது. நீ சொன்னபடியே செய்தேன். முதலில் முருகையனிடம் போனேன். அறுபது வயசுக்காரர், வயலுக்கு வயல் வாய்மடை திறந்து தவறாமல் தண்ணீர் கட்டியவர். மழை பெய்தால் எங்கே போவீர்கள் என்றேன். "மொதல்ல அது பெய்யட்டும்மா. போறதப் பத்தி அப்பறம் பாப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அகிலாண்டத்திடம் கேட்டேன்.

"மழ பெஞ்சா நடவுக்குப் போவேன். எங்க போவேனாம்."

"நடவு முடிஞ்சு திரும்பி வந்தா?"

கொட்டகையின் ஓட்டையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு "எழுதிக்க" என்றாள். அவள் சொன்ன பிறகு மற்றவர்களும் சொன்னார்கள்.

கைநாட்டு வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. நாற்றுப் பறித்துப் பறித்துப் பெண்களின் விரலில் ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது. மையில் தோய்த்து வைத்தால் வெறும் கறுப்புப் பொட்டாக விழுகிறது. செயல் அலுவலர் படிவத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது யார் விரல் என்று எவன் சொல்லுவான் என்றார். அனுப்புங்கள் சார், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நாற்பத்தொரு பேர் பட்டியல் தஞ்சாவூர் வழியாக உங்களுக்கு வந்துவிட்டது.

ஆவணியில் மூத்தார் மகனுக்குக் கல்யாணம். பெண்ணுடைய கட்டிலும் பீரோவும் வைக்க என் அறையைக் கொடுத்தாயிற்று. இப்போது நடையில் படுக்கிறேன். காற்றோட்டமாகத்தான் இருக்கிறது. உன் அத்தானிடமிருந்து கடிதம் வந்து பதினான்கு மாதமாகிறது. கல்யாணக் கூட்டம் கலைகிறவரை ஒரு மாதம் உன் வீட்டில் வந்து இருக்கலாமா என்று நினைக்கிறேன். ஜாய்ஸுக்கும் ஒத்தாசையாக இருக்கும். அவளைக் கேட்டு எழுது.

அக்கா,
விண்ணரசி


தலைமை அலுவலகம், சென்னை
29-8-2003

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நலமாக இருக்கிறோம். வேலை மூச்சு முட்டுகிறது.

உங்கள் பட்டியல் வந்துவிட்டது. உங்களைப் போலவே பாபநாசம் பக்கம், சீர்காழி பக்கம், நாகப்பட்டினம் பக்கம் என்று டெல்டாவிலிருந்து மட்டும் அறுபத்துமூன்று சின்ன ஊர்கள் அனுப்பியிருக்கின்றன. ஒவ்வொன்றும் நாற்பது, ஐம்பது, எழுபது பேர். இத்தனை பேர் வருவார்கள் என்று இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. மொத்தப் பணம் முன்பே முடிவானது, அதைக் கூட்ட முடியாது. இதை எப்படிச் சரிசெய்வது என்று குறிப்பு எழுதும் பொறுப்பை அதிகாரி என்னிடம் தந்திருக்கிறார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தை மாதத்தில் பட்டியல் வரும் என்கிறார்கள்.

நீ கவலைப்படாதே. கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்று மூத்தாரிடம் சொல்லு.

ஜெனித்


மரியே வாழ்க

மே/பா பேரூராட்சி அலுவலகம், அரசநல்லூர்
14-9-2003

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நம் தெருக்காரர்கள் நடந்து போனார்கள். நான் போகவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. புதுப்பெண் நல்ல மாதிரி.

குறிப்பு எழுதுகிற பொறுப்பு உன்னிடம் வந்ததை அகிலாண்டத்திடம் சொன்னேன். "அப்ப நம்ம புள்ள கையிலதான் இருக்கு" என்று மில் முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது என்னைப் பார்த்தால் கூடம் எங்கே கட்டுவார்கள், ஆற்றுப்பக்கமா ரோட்டுப்பக்கமா என்று கேட்கிறார்கள். ஆண்களுக்குத் தனிக் கதவு வேண்டும் என்று பெண்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ரோட்டுப்பக்கம்தான் நல்லது என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

மில் இடத்தைப் பார்க்கக் காரில் இரண்டு பேர் வந்து போனார்கள். அரசப்பன் முன்கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். பின்பக்கச் சுவர் இடிந்த இடத்தில்தான் போக்குவரத்து. சீக்கிரம் எழுது. இந்த முகவரிக்கே எழுது, தபால் தவறாமல் வரும்.

விண்ணரசி


மரியே வாழ்க

மே/பா பேரூராட்சி அலுவலகம், அரசநல்லூர்
19-10-2003

அன்புள்ள தம்பி ஜெனித்துக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. சுகமாயிருக்கிறாய் என்று நம்புகிறேன்.

ஆணை வந்துவிட்டது. செயல் அலுவலர் எல்லோர் முன்னாலும் படித்தார். 'உறவினர், வேலை கொடுப்போர் அல்லது பிறருக்கு உரிய இடத்தில் ஒண்டியிருப்போர் வீடற்றோர் ஆகமாட்டார்.' படித்தவர் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஒண்டியிருப்போராம். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இந்த வார்த்தைய ஜி.ஓ.வுல பாத்ததில்லம்மா. நம்ம பக்கத்து ஆளு எவனோதான் எழுதியிருக்கான்."

மில் களத்துக்காரர்கள் எல்லோரும் அரசப்பனுக்கு உரிய இடத்தில் இருக்கிறவர்கள். ஆகையால் நாற்பத்தொன்றும் அடிபட்டுப் போய்விட்டது. புதுப் படிவத்தில் இடம் கொடுத்தவரின் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அரசப்பன் வீட்டுக்குப் போனேன். காபி கொடுக்கச் சொன்னார். கையெழுத்துப் போடவில்லை.

"எடம் குடுத்தேன்னு எழுதுனா நாளைக்குக் கோர்ட்டுல வாடகதாரன்னு நிப்பாங்க. குடுக்கலன்னு எழுதுனா நான் போலீஸக் கூப்பிட்டுக் காலி பண்ண வைக்கணும். ரெண்டுல எத எழுதச் சொல்றீங்க? எழுதாம இருக்கேன் பாருங்க, அதுதான் நான் அவங்களுக்குச் செய்யிற ஒத்தாச."

அவர் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அனுமதியோடு இருந்தால் ஒண்டியிருப்பவர்கள், அனுமதியில்லாமல் இருந்தால் ஆக்கிரமிப்பாளர்கள். வீடற்றவர்களாக இருக்க வேண்டுமென்றால் தரையைத் தொடாமல் நிற்க வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கே இருக்கிறது? ஆறு ஒன்றுதான் இருந்தது. அங்கிருந்துதானே துரத்தினார்கள்.

அந்த வார்த்தையை எழுதியது யார் என்று விசாரித்துச் சொல். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

விண்ணரசி


தலைமை அலுவலகம், சென்னை
2-11-2003

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இன்று கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்குப் பூ வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே வேறு யாருடைய கல்லறையிலோ ஒரு திரி கொளுத்திவிட்டு வந்தேன்.

நீ அங்கிருந்து ஒரு ஊரைப் பார்க்கிறாய். இங்கே எல்லா ஊரும் ஒரே மேஜையில் இருக்கின்றன. அறுபத்துமூன்று ஊருக்கும் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தகரக் கொட்டகைகூட வராது. அதனால் மக்கள்தொகை லட்சத்துக்கு ஒரு காப்பகம் என்று வைத்திருக்கிறார்கள். இதில் யாரும் கேள்வி கேட்க முடியாது. எல்லோருக்கும் ஒரே அளவு. உங்களுக்குப் பக்கத்திலேயே பெரிய ஊரில் காப்பகம் வந்துவிட்டது, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மழைக்காலத்துக்கு அவர்களை அங்கே அனுப்பிவை. வருகிறவர்களை மறுக்கக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது.

இரண்டு கடிதமாக ஆபீஸ் முகவரி போட்டிருக்கிறாயே, ஏன்? மூத்தார் வீட்டில் எல்லோரும் நலம்தானே?

ஜெனித்


மரியே வாழ்க

மே/பா பேரூராட்சி அலுவலகம், அரசநல்லூர்
17-11-2003

தம்பி ஜெனித்துக்கு,

சுகம் விசாரித்து எழுத நேரமில்லை. பத்து நாளாக மழை விடவில்லை. வியாழக்கிழமை விடியற்காலையில் கொட்டகையின் கிழக்குப் பக்கம் மொத்தமாகச் சரிந்தது. ஓடு சரிகிற சத்தம் கேட்டதும் எழுந்து எல்லோரும் பாய்லர் அறைக்கு ஓடினோம். முருகையன் பின்தங்கிவிட்டார். முதுகில் உத்தரம் விழுந்து தர்மாஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். இனி நிமிர்ந்து வேலை செய்ய முடியாதாம். மேட்டூர் திறந்து, மழையும் பெய்து, சம்பா நடவுக்கு ஆள் தேடுகிற நேரத்தில் இப்படி.

நீ சொன்னாய் என்று ஒன்பது பேரைப் பெரிய ஊர்க் காப்பகத்துக்கு அனுப்பினேன். பஸ் சத்தத்துக்குக் கைக்காசு போட்டுப் போனார்கள். வாசலில் இருந்தவன் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறான். அரசநல்லூர் என்றதும் ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஊரில் வீடற்றோர் பூஜ்யம் என்று போட்டிருக்கிறது, நீங்கள் எப்படி வீடற்றவர்களாக இருக்க முடியும் என்று கேட்டானாம். கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். அகிலாண்டம் நனைந்த புடவையோடு என் முன்னால் நின்றாள்.

"ஏம்மா, வீடத்தவன்னு சொல்லவே நாக்கு கூசுச்சு. ஒனக்காவச் சொன்னோம். சொல்லியும் நம்ப மாட்டேங்குறானே."

யாரும் கேள்வி கேட்க முடியாது என்று எழுதியிருந்தாய். கேள்வி கேட்க முடியாத ஏற்பாட்டுக்கு நியாயம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். லட்சம் பேர் சேர்ந்து வாழ்கிற ஊரில் நனைந்தால்தான் நனைந்ததாகக் கணக்கு.

அந்த வார்த்தையை யார் எழுதினார்கள் என்று கேட்டேன். நீ கல்லறைத் திருநாளைப் பற்றி எழுதினாய். எனக்குத் தெரியும் ஜெனித். அது என் வார்த்தை. ஜூன் மாதம் நான் உனக்கு எழுதிய கடிதத்தில் இருந்தது. மில் களத்தில் ஒண்டிக்கிடக்கிறார்கள் என்று இரக்கப்பட்டு எழுதினேன். அவர்களுக்குக் குழி தோண்ட மண்வெட்டி நான்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுது.

முகவரி ஏன் என்று கேட்டாய். நீயும் ஆறு வருஷமாக ஆபீஸ் முகவரிதான் போடுகிறாய். நான் கேட்டேனா?

விண்ணரசி


தலைமை அலுவலகம், சென்னை
28-11-2003

அக்கா,

நான்தான்.

அதிகாரி கூப்பிட்டு இப்படிச் சொன்னார்: "அறுபத்துமூணு ஊரையும் தட்டிவிட ஒரு வார்த்த வேணும் ஜெனித். ஜனங்க பொய் சொல்றாங்கன்னு எழுத முடியாது, பேப்பர்காரன் விடமாட்டான். அவங்க சொன்னது உண்மையாவே இருக்கட்டும். ஆனா கணக்குல வரக்கூடாது." நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்க அக்கா என்னமோ ஒரு வார்த்தை எழுதியிருந்தாங்களே என்று அவரே கேட்டார். அவருக்கு ஞாபகம் வரவில்லை. உன் கடிதம் என் இழுப்பறையில்தான் இருந்தது. எடுக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. சொன்னேன்.

சொல்லாமல் இருந்திருந்தால் அவர் வேறொரு வார்த்தை பிடித்திருப்பார் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தை மாதப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது என்று போன வாரம் தெரிந்தது. அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று செய்தேன். ஆணையின் ஏழாம் பத்தியை நான் சேர்த்தேன். அவர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இடத்துக்கு உரியவரோ, உடன்பிறந்த இரத்த உறவோ 'இவருக்கு இடம் தர மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஆள் வீடற்றவர்தான். அதற்குப் பெயர் இடம் மறுப்புச் சான்று. டிசம்பர் பதினைந்துக்குள் இங்கே வரவேண்டும். பூஜ்யம் காட்டுகிற ஊரைப் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள், பிறகு எந்த வருஷமும் கேட்க முடியாது. ஒரே ஒரு ஆள் இருந்தாலும் ஊர் பதிவேட்டில் நிற்கும், அடுத்த வருஷம் மறுபடி கணக்கெடுக்கலாம். எப்படியாவது அரசப்பனிடம் வாங்கிவிடு. படிவம் வைத்திருக்கிறேன்.

ஓடினோம் என்று எழுதியிருக்கிறாய். விடியற்காலையில் நீ ஏன் மில்லில் இருந்தாய்?

ஜெனித்


மரியே வாழ்க

அரசநல்லூர்
8-12-2003

தம்பி ஜெனித்துக்கு,

உன் கடிதமும் படிவமும் வந்தன. ஜாய்ஸ் சுகமா? இன்று அமலோற்பவ மாதா திருநாள். பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

அரசப்பன் மறுப்புச் சான்றிலும் கையெழுத்துப் போடமாட்டார். இடம் தரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஒரு நாள் அவர்களை உள்ளே விட்டிருந்தாலும் அது பொய்ச் சான்று ஆகிவிடுமாம். வக்கீல் சொல்லியிருக்கிறார். மில்லையும் விற்றாகிவிட்டது. பொங்கல் கழிந்ததும் காலி செய்ய வேண்டும். நாற்பத்தொரு பேரில் ஒருவருக்கும் சான்று கிடைக்காது. அவர்களுக்கு எழுதிக்கொடுக்கக்கூடிய இரத்த உறவெல்லாம் அந்தப் பாய்லர் அறையிலேயேதான் படுத்திருக்கிறது.

எனக்கு மட்டும் கிடைக்கும்.

செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து நான் மில்லில் இருக்கிறேன். கல்யாணத்துக்கு வந்த பெண்ணின் அம்மா அங்கேயே தங்கிவிட்டதால் நடையிலும் இடமில்லை. யாரும் போ என்று சொல்லவில்லை. நான் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் யாருக்காவது ஒரு வேலை இருந்தது. ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இடம் மறுத்ததாக எழுதித் தாருங்கள் என்று போன வாரம் மூத்தாரிடம் கேட்டேன். "நாங்க போகச் சொல்லல, நீயாத்தான் போன. எங்க குடும்பத்தப் பேப்பர்ல ஏத்தப் பாக்குறியா?" என்றார். அவர் இரத்த உறவும் இல்லை. அதனால் உன் விதிப்படி அவர் கையெழுத்து செல்லாது.

அகிலாண்டம் பக்கத்தில் எனக்கு ஒரு சாக்கு போட்டுக் கொடுத்திருக்கிறாள். கணக்கெடுக்க வந்தவள் கணக்கோடு வந்து படுத்துக்கொண்டாள் என்று முதல் நாள் சிரித்தாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலையில் உன்னைக் கேட்டேன், வந்து இருக்கலாமா என்று. நீ பதில் எழுதவே இல்லை. திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். கேட்பது இடம் அல்ல. இடம் இல்லை என்று எழுதிக் கொடு.

வா என்று மட்டும் எழுதிவிடாதே. நீ வா என்று எழுதினால் நான் ஒண்டியிருப்பவள் ஆகிவிடுவேன். அரசநல்லூர் பூஜ்யமாகிவிடும். நாற்பத்தொரு பேருக்கு அடுத்த வருஷமும் இல்லை, எந்த வருஷமும் இல்லை. படிவத்தில் முதல் இரண்டு கட்டத்தையும் நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். மீதி நீ நிரப்ப வேண்டியது. பதினைந்துக்குள்.

அக்கா,
விண்ணரசி


தலைமை அலுவலகம், சென்னை
16-12-2003

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கடைசிக் கட்டத்தை நிரப்ப இரண்டு நாளாயிற்று. ஜாய்ஸிடம் காட்டினேன். அவள் அழுதாள், எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை நானே கையில் கொண்டுபோய்ப் பதிவு செய்தேன். அதிகாரி முழுவதும் படித்தார். என் முகத்தைப் பார்க்காமல் சுருக்கொப்பம் போட்டார். அரசநல்லூருக்கு நேரே இருந்த பூஜ்யத்தை என் கண் முன்னால் அடித்துவிட்டு 'ஒருவர்' என்று எழுதினார்கள். மற்ற அறுபத்திரண்டு ஊரையும் எடுத்துவிட்டார்கள்.

நகல் இதோடு இருக்கிறது. ஜூலையில் நீ கேட்டதற்கு ஏன் பதில் எழுதவில்லை என்பது அதன் கடைசி வரியில் இருக்கிறது.

ஜெனித்


இடம் மறுப்புச் சான்று
(பத்தி 7-இன்படி)

1. வீடற்றவர் பெயர், வயது: விண்ணரசி, 37

2. கணக்கெடுக்கப்பட்ட ஊர்: அரசநல்லூர் பேரூராட்சி

3. இடம் மறுப்பவர் பெயர், பணி: ஜெனித், தற்காலிக இளநிலை உதவியாளர்

4. உறவு: உடன்பிறந்த தம்பி

5. மறுப்பவரின் வீட்டு முகவரி: மே/பா ஆன்டோ (மனைவியின் அண்ணன்), மாடிப்படிக்குக் கீழ் அறை, கொருக்குப்பேட்டை, சென்னை

6. மறுக்கக் காரணம்: ஆறு வருஷமாக நானும் ஒண்டியிருக்கிறேன்.